ஒப்பிடத் தகாத வீடுகள்

1974 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை பிற்பகல். மியூனிக் நகரின் ஓர் ஆய்வு நிறுவனம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கான வேலைப்பயிற்சி, செலவுக்கேற்ற பலன் தருகிறதா என்னும் அறிக்கை திங்களன்று அரசுக்குப் போக வேண்டும். எழுதியவர் வத்சலா. சரிபார்ப்பவர், அவருடைய மேலதிகாரி குருமூர்த்தி.

குருமூர்த்தி: மெதுவா... என் ரூம்ல உங்க குழந்தை தூங்கறா.

வத்சலா: நர்சரி மத்தியானமே மூடிடறது சார். உங்களுக்குத்தான் சிரமம்.

குருமூர்த்தி: எனக்கென்ன, அந்த ரூம்ல ஹீட்டர் உஷ்ணம் தாங்கலை. லைப்ரரி சௌகரியம். முடிவைச் சொல்லுங்கோ.

வத்சலா: பயிற்சி எடுத்தவாளைவிட, எடுக்காதவாதான் வேலைல நிலைச்சிருக்கா.

குருமூர்த்தி: அப்போ செலவு வீண். பயிற்சியை மூடிடுவா.

வத்சலா: மூடிடுவா... ஆனா ஒப்பிட்டதே தப்பு சார்.

குருமூர்த்தி: ஒப்பிட்டது நீங்கதானே?

வத்சலா: நான்தான். எடுக்காதவா முக்கால்வாசிப் பேர் அம்மாவோட இருக்கா. குழந்தைக்கு ஜுரம்னா அம்மா பார்த்துப்பா. பயிற்சிக்கு வந்தவாளுக்கு யாருமில்லை. ஜுரம் வந்தா வேலை போச்சு.

குருமூர்த்தி: வீட்ல யார் யார் இருக்கான்னு முதல்லயே பிரிச்சிருக்க வேண்டாமா?

வத்சலா: நம்மூர்ல எந்த வீட்லயும் யாராவது இருப்பா... பிரிக்கணும்னே தோணலை.

குருமூர்த்தி: இப்போ மட்டும் எப்படித் தோணித்து?

வத்சலா: போன வாரம் இவளுக்கு ஜுரம்...

குருமூர்த்தி: அடுத்த மாசம்தான் உங்க ஆத்துக்காரர் வந்துடுவாரே.

வத்சலா: ம்... விசா வரணும்.

குருமூர்த்தி: போன வருஷமும் அடுத்த மாசம்தான் வர்றதா இருந்தார்.

வத்சலா: அட்டவணையை எடுத்துண்டு வரட்டுமா சார்?

குருமூர்த்தி: கதவிடுக்குல பாருங்கோ. தூக்கத்துல சிரிக்கறா.

வத்சலா: பனி பெய்யறச்சே மேகத்துல ஒரு படகு வரும்னு சொல்லிண்டிருக்கா. நேத்திக் கனவுல நாங்க அதுல போனோமாம். கீழே ஊரெல்லாம் வெள்ளையாம், சத்தமே இல்லையாம்.

குருமூர்த்தி: அப்பா?

வத்சலா: கேட்டேன். படகுல ரெண்டு பேருக்குத்தான் இடமாம்... சார், அவர் வரமாட்டார். ஊர்லயே வேற கல்யாணம் பண்ணிண்டுட்டார். சொன்னா, என்னாலயும் வேலைல நிலைக்க முடியாதுன்னு நெனைச்சுடுவேளோன்னு...

குருமூர்த்தி: தெரியும். ரூம்ல உஷ்ணம்னு சொன்னது சும்மா, அந்த ஹீட்டர் போன குளிர்காலமே ரிப்பேர். குழந்தைக்காக நான்தான் சின்னதா வேற ஒண்ணு வாங்கி வெச்சேன். அறிக்கை திங்கட்கிழமை போகாது. இலாகாவுக்கு நானே சொல்லிக்கறேன். துணையில்லாதவாளைத் துணையில்லாதவாளோட மட்டும் ஒப்பிட்டு ஜனவரியில அனுப்பறோம். அதுவரைக்கும் பயிற்சி நடக்கும். நான் லைப்ரரிக்குப் போறேன்.