பன்னெண்டாவது மட்டும்

— அப்போ பத்தாவது படிக்கிற பொண்ணு பொண்ணு இல்லியா? அதை மட்டும் சொல்லு எனக்கு.

— தேவானைக்கா, நான் அப்படிச் சொல்லலை. அதாவது, அரசாணையில என்ன இருக்கோ அதைத்தான் சொல்றேன். பன்னெண்டாவது பொதுத்தேர்வு எழுதற குழந்தை இருக்கிற வீட்டை, பரீட்சை முடியற வரைக்கும் காலி பண்ணக்கூடாது. அவ்வளவுதான் இருக்கு.

— சர்தான். இதையேதான் அந்த ஆபீசரும் சொன்னான். கையில பேப்பர் வெச்சிக்கினு ஆத்தோரமா வூடு வூடா வந்தான். அன்வரி பேகம் வூட்டாண்ட நின்னான். உன் பொண்ணு வஜீஹா பிளஸ் டூவா, சரி, நீ இரும்மான்னான். அடுத்த வூடு என் தம்பி பாலு வூடு. என் பொண்ணு தமிழ்நிலா பத்தாவது சார்னான் பாலு. பத்தாவது இதுல இல்ல, நாளைக்கு காலைல லாரி வரும், சாமானைக் கட்டி வெய்யின்னுட்டான். ரெண்டு வூட்டுக்கும் ஒரே செவுரும்மா. அந்தாண்ட படிப்பு, இந்தாண்ட லாரி.

— காலம்பற பாலு போன் பண்ணினப்போதான் எனக்கே தெரியும். அதான் யுனிவர்சிட்டிலேர்ந்து நேரா வந்துட்டேன். நீங்க வேலை முடிச்சுட்டு இந்த மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுக்குத்தானே வருவேள்.

— வேற எங்க போறது? ராஜா அண்ணாமலைபுரத்துல பாத்திரம் கழுவிட்டு இங்க வந்து குந்துவேன். பஸ்ஸு வந்தா ஏறுவேன். நீயும் குந்து மகதிம்மா. நின்னுக்கினே பேசினா ஜனம் வேடிக்கை பாக்கும்.

— தமிழ்நிலா என்ன சொல்றா?

— ஒண்ணியும் சொல்லல. என் புக்கை மட்டும் சாக்குல போடாதீங்கன்னா. அவ்ளோதான். பாலு பொஞ்சாதி அழுதுக்கினே மூட்டை கட்டுது. பாலு, லாரிக்கு முன்னால படுத்துக்குவேன்னு கத்திக்கினு கீறான். எனக்கு அழுகையும் வரல, கத்தவும் வரல. ஒரு ஓரமா நின்னு அவங்க பாத்திரத்தை துணியில சுத்திக் குடுத்தேன். உடையாத பாத்திரம்தான். ஆனாலும் சுத்தினேன்.

— உங்களை முன்னாடி கொண்டு போட்ட இடத்துக்குத்தானே அவாளையும் அனுப்பறா? அங்க போய்ச் சேர்ந்தப்புறம் பக்கத்துல எந்த ஸ்கூல்லயாவது...

— நீ வந்து பாத்தவதானே? பரீட்சை நெருங்கற நேரத்துல எவன் சேப்பான்? ஹால் டிக்கெட்டு இங்க மைலாப்பூர் ஸ்கூலுக்கு. எழுதறதுன்னா விடிகாலைல கெளம்பி பஸ்ஸுல தொங்கிக்கினு வரணும். என் பொண்ணு அன்புக்கரசி அப்படித்தானே வந்தா? வந்துதானே வுழுந்து செத்தா? அதே பஸ்ஸு, அதே ரூட்டு. நானும் டெய்லி அதுலதான் வரேன். மொதல்ல அவ வுழுந்த வளைவு வந்தா கண்ணை மூடிக்குவேன். இப்போ தூங்கிப்பூட்றேன். கண்டக்டர்தான் எழுப்பறான்.

— இதையெல்லாம் எங்கிட்டயா கேக்கறேள்க்கா?

— உன்கிட்ட கேக்காம நான் யார்கிட்ட கேக்கறது? நீதானே வந்து எழுதிக்கினு போனே? ஆத்தோரத்துல முன்வரிசை வூட்டை எல்லாம் எடுத்து எங்களை ஊருக்கு வெளியில கொண்டு போட்டாங்களே, அதுக்கப்பால எங்களுக்கு இன்னா ஆச்சுன்னு. இந்த சட்டமே நீ எழுதினதுதான்னு அன்வரி சொல்றா. நமாசுல உனக்கும் சேத்து வேண்டிக்கிறாளாம்.

— நான் சட்டம் எழுதலைக்கா. நான் எழுதினது ஆராய்ச்சி. அதாவது, வீட்டைக் காலி பண்ணச் சொல்ற சட்டம் எப்படி இருக்கு, அதுனால ஜனங்களுக்கு என்ன ஆறதுன்னு ஒரு ரிப்போர்ட். சர்க்கார்ல ஒரு கமிட்டி போட்டா. அந்தக் கமிட்டி எங்க ரிப்போர்ட்டை எடுத்துண்டு அரசாணை போட்டா.

— அதான் சொல்றேன். நீ எழுதினே, அவங்க போட்டாங்கோ. எழுதச்சொல்லோ பத்தாவதையும் சேத்து எழுதிருக்கலாமில்ல? கையா வலிக்குது?

— எழுதினேன்க்கா. ஸ்கூல் போற எந்தக் குழந்தை இருந்தாலும் வருஷ நடுவுல காலி பண்ணக்கூடாதுன்னுதான் எழுதினேன். கமிட்டில ஒவ்வொண்ணா வெட்டிண்டே வந்தா. எல்லாக் குழந்தைக்கும்னா ஒரு வீட்டைக்கூட எடுக்க முடியாதேன்னார் ஒருத்தர். சின்ன கிளாஸெல்லாம் எப்படியும் பாஸ், அதுகளுக்கு என்ன நஷ்டம்னார் இன்னொருத்தர். கடைசில பத்தாவதுக்கு வந்தோம். பத்தாவதுல பாழாப்போன ஒரு குழந்தையைக் காட்டுங்கோன்னா. எங்கிட்ட இருந்ததெல்லாம் மார்க் குறைஞ்சது, ஒரு பேப்பர்ல ஃபெயிலானது, அவ்வளவுதான். அதெல்லாம் எங்கேயும் நடக்கறதுதானேன்னு தள்ளிட்டா. பன்னெண்டாவதுல மட்டும்தான் யாரும் வாயே திறக்கலை.

— ஏன், பன்னெண்டாவதுக்கு இன்னாத்தைக் காட்டினே?

— உங்களை.

— என்னையா?

— நீங்க அன்னிக்குச் சொன்னதை. பிளஸ் டூ பரீட்சை எழுத வந்துண்டிருந்த குழந்தை, பஸ் படிக்கட்டுலேர்ந்து விழுந்தது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இருக்கு. நானேதான் அங்க உக்காந்து வாசிச்சேன். மாலாவின் தாயார் கூறியதுன்னு ஆரம்பிக்கும்.

— மாலா யாரு?

— அன்புக்கரசிதான். பேரை மாத்திட்டேன்.

— இன்னாத்துக்கு?

— மாத்தணும்க்கா, அது ரூல். நாளைக்கு யாரும் உங்களைத் தேடிண்டு வந்து தொந்தரவு பண்ணக்கூடாதே. பேரும் ஊரும் நிஜமா இருக்கக்கூடாது. மத்ததெல்லாம் நிஜமா இருந்தாகணும்.

— அப்போ அன்புக்கரசின்னு அதுல எங்கியுமே இல்ல.

— இல்லை.

— அவங்கப்பன் ஆசைப்பட்டு வெச்ச பேரு. டீச்சரு அன்புன்னு சுருக்கிக் கூப்புட்டாகூட மொறைப்பா. முழுசா சொல்லுங்க மிஸ்ஸுன்னுவா. சர்தான், போட்டும். மாலான்னே இருக்கட்டும். யாரோ ஒருத்தி செத்தாப்பல கீது. அதுவும் நல்லதுக்குத்தான்.

— மன்னிச்சுடுங்கோ.

— வுடு. நீ வாசிச்சியே, கேட்டவங்க இன்னா பண்ணாங்கோ? யார்னா அழுதாங்களா?

— இல்லை. ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ் இருந்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுண்டார். அப்புறம், இது நல்ல ஆதாரம், இதை வெச்சு எழுதிடலாம்னார். உடனே டீ வந்துடுத்து.

— நீயும் குடிச்சியா?

— குடிச்சேன். பிஸ்கட்டும் சாப்பிட்டேன். ஜெயிச்சுட்டே மஹதின்னு எங்க புரொபசர் சங்கரன் சார் கை குடுத்தார். எனக்கு ஒண்ணுமே தோணலைக்கா. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. ஆத்துக்குப் போய் அம்மாகிட்டக்கூட சொல்லலை.

— என் பஸ்ஸு வருது.

— கிளம்பறேளா?

— போட்டும். அடுத்ததுல போயிக்கறேன். இப்போ தமிழ்நிலாவுக்கு இன்னா பண்றது, அதைச் சொல்லு. இந்தப் பொண்ணை வுட்டுடுங்கன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடேன்.

— என் லெட்டருக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஆனா ஒரு வழி இருக்கு. அதுக்குத்தான் ஓடி வந்தேன். கமிட்டி செக்ரட்டரிகிட்ட பேசினேன், நல்ல மனுஷர். பத்தாவதுக்கு ஒரே ஒரு கேஸ் கொண்டு வாம்மா, இன்னிக்கே குறிப்பு போட்டு மேல அனுப்பறேன், அதுக்கு நடுவுல லாரியை போன்லயே நிறுத்திடறேன்னார். ஒண்ணே ஒண்ணு போதும். ஆபீஸ் மூடறதுக்குள்ள வேணும். உங்க பிளாக்ல யாராவது இருக்காளா? அங்க கொண்டு போட்டதால பத்தாவதுல வாழ்க்கையே போன குழந்தை? நன்னா யோசிங்கோ.

— எங்க ஜனத்துல அதுக்கா பஞ்சம்? தோ, சேட்டு பையன். அலைய முடியலன்னு படிப்பை வுட்டுட்டு ஈக்காட்டுத்தாங்கல்ல லேத்து பட்டறைக்குப் போனான். மெஷின்ல ரெண்டு விரலு போச்சு.

— எந்த கிளாஸ்ல விட்டான்?

— ஒம்போதாவது.

— ஒத்துக்க மாட்டா. வேற?

— வெள்ளைத்துரை பொண்ணு. பஸ்ஸுல பசங்க தொல்லைன்னு நிறுத்திட்டு, அவ மாமனுக்கே கட்டி வெச்சிட்டாங்கோ. இப்போ வாயும் வயிறுமா கீது.

— அவ எந்த கிளாஸ்?

— பதினொண்ணு.

— ம்ஹூம். பத்தாவதுதான் வேணும்.

— ரத்னா பையன் பத்தாவது. டெய்லி மூணு பஸ்ஸு மாறி வந்தான்.

— என்ன ஆச்சு அவனுக்கு?

— பாஸ் ஆயிட்டான்.

— அய்யோ.

— இன்னா, அய்யோன்ற?

— இல்லைக்கா... நான் என்ன பேசறேன்னு எனக்கே தெரியலை. இந்த வேலையில இப்படித்தான் ஆயிடறது. ஒரு குழந்தை நன்னா இருக்குன்னா எனக்கு முகம் தொங்கிப் போறது.

— நான் ஒண்ணியும் தப்பா எடுத்துக்கல. நானும் அப்படித்தானே தேடிக்கினு கீறேன்? மீன் வாங்கறாப்பல. இது சின்னது, இது வேணாம், இதைவுடப் பெருசு காட்டு. தே, நீயே ஒண்ணு எழுதிடேன். எப்படியும் பேரை மாத்தப் போறே. சேட்டு பையனை ஒரு கிளாஸு மேல தூக்கிப் போட்டா யாருக்குத் தெரியும்?

— அதை மட்டும் கேக்காதீங்கோ. அதாவது, இந்த அரசாணையை எதிர்த்து ஏற்கனவே கேஸ் போட்டிருக்கா. ஆத்தோர இடத்துக்குக் காத்துண்டிருக்கிறவா. அவா வக்கீல் எங்க ரிப்போர்ட்டை வரிவரியா நோண்டிண்டிருக்கார். ஒரே ஒரு விஷயம் பொய்யின்னு காட்டிட்டா போதும், மொத்த ரிப்போர்ட்டும் குப்பைக்குப் போயிடும். ரிப்போர்ட் போனா ஆணையும் போச்சு. அப்புறம் அந்த லாரி வஜீஹா வீட்டு வாசல்லயும் நிக்கும்.

— வஜீஹா வூட்லியுமா?

— அவ வீடு மட்டுமா? இப்போ இந்த ஆணையாலதான் ஊர்ல எத்தனையோ பிளஸ் டூ குழந்தைகள் வீட்ல உக்காந்து படிச்சிண்டிருக்கு. எல்லார் வீட்டு வாசல்லயும் நிக்கும்.

— அந்தப் பொண்ணு கணக்கு போட்டுக்கினு இருந்துச்சு, நேத்து சாயங்காலம் நான் போகச்சொல்லோ. தலையே தூக்கல. அன்வரி நோன்புக் கஞ்சி குடுத்தா. ரிசல்ட் வந்தா மொத ஸ்வீட்டு உனக்குத்தான் தேவானைன்னா. எனக்கு ஏன்டின்னேன். உனக்குத்தான்னா.

— நீங்க கவலைப்படாதீங்கோ, வஜீஹாவுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு அந்த வக்கீல்கிட்ட பயமே இல்லை. நீங்க சொன்னதைத் தவிர ஒரு எழுத்து நானா சேர்க்கலை.

— நான் சொன்னதை சரி பாத்தியா நீ?

— உங்ககிட்டயா? குழந்தையைப் பறிகுடுத்தவாகிட்ட போய் மார்க் ஷீட்டைக் காட்டு, சர்டிபிகேட்டைக் காட்டுன்னு கேக்கவே கூடாதுன்னு சங்கரன் சார் கண்டிப்பா சொல்லிடுவார். பெத்தவா வாயால சொல்றதுதான் சாட்சி. அதுதான் எங்க முறை. நான் கேட்டேன், நீங்க சொன்னேள், நான் எழுதிண்டேன்.

— ஆமா. கேட்டே. தரையில குந்திக்கினு கேட்டே. தண்ணி குடுத்தேன், வாங்கிக் குடிச்சே. உனக்கு முன்னால எழுதிக்கினு போக வந்தவங்க எவனும் எங்க வூட்ல தண்ணி வாங்கல. அத்தொட்டுதான் உன்கிட்ட மனசு வுட்டுப் பேசினேன். ஆள் யாரும் கேக்காத கேள்வியெல்லாம் கேட்டே. அவளுக்கு இன்னா புடிக்கும், இன்னா ஆவணும்னு சொல்லிக்கினு இருப்பா, இப்படி.

— ஞாபகம் இருக்கு. நர்ஸ் ஆகணும்னு சொல்லிண்டிருப்பாள்னேள். அதுவும் ரிப்போர்ட்ல இருக்கு... ஏன்க்கா அப்படிப் பாக்கறேள்? அடுத்த பஸ்ஸும் போயாச்சு. யாராவது ஞாபகம் வந்தாளா?

— ஒருத்தி கீறா.

— பத்தாவதா?

— பத்தாவதுதான். பரீட்சை எழுத வரச்சொல்லோ பஸ்ஸுல இருந்து வுழுந்துட்டா.

— அன்புக்கரசி மாதிரியேவா? இன்னொரு குழந்தையா? அக்கா, இதை ஏன் முன்னாடியே சொல்லலை? இருங்கோ, செக்ரட்டரிக்குப் போன் போடறேன். தமிழ்நிலாவுக்கு இது போதும். அந்தக் குழந்தையோட அம்மா பேசுவாளா? யாரு அவ?

— போனைக் கீழ வெய்யி மகதிம்மா.

— ஏன்க்கா?

— எந்த கிளாஸுன்னு நீ கேட்டப்போ அவ போயி ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு. ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்தா எல்லாப் புள்ளைங்களும் மேல போவுதுங்களே, நானும் அவளை மனசுக்குள்ளயே மேல அனுப்பிக்கினு வந்தேன். நீ வந்த வருசம் என் அன்புக்கரசி பன்னெண்டாவதும்மா.