பாலம் பார்க்க வந்த ட்ரோன்

மெரிலேண்ட்ஸில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், பேச்சு இலங்கையின் வன்னிப் பக்கம். இளையவள் தமிழ்நாட்டுக்காரி.

“நேற்று உங்கட ட்ரோன் வந்தது பிள்ளை. நான் ஓடிப்போய் கொடியிலை கிடந்த வெள்ளை உடுப்பெல்லாத்தையும் எடுத்திட்டன்,” என்றார் மூத்தவர்.

பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நான் அதை நிறுத்திவிட்டேன்.

“ஐயோ, ஏன்க்கா? உங்க வீட்டுக்குப் பக்கத்துப் பாலத்துல விரிசல் இருக்கான்னு பாக்க எங்க ஆபீஸ்ல அனுப்புனது அது. துணியில தூசிகூட விழாது.”

“தூசிக்கில்லை. ஊரிலை சண்டை நேரம் மேலை வேவு பாக்கிற ட்ரோன்ர சத்தம் கேட்டா முதல்லை வெள்ளை உடுப்பைத்தான் எடுப்பம். வெள்ளை தெரிஞ்சா, ஆக்கள் இருக்கினம் எண்டு கண்டிடும். பிறகு ஷெல் வரும். நேற்று உடுப்போட குசினிக்குள்ளை, அடுப்புக்குப் பக்கத்திலை வந்து நிண்ட பிறகுதான் இது சிட்னி எண்டு நினைவு வந்தது.”

இளையவள் கைபேசியை எடுத்தாள்.

“அடுத்த வாட்டி முன்னாடியே மெசேஜ் பண்றேன்க்கா.”

“ஓம், அனுப்பிவிடுங்கோ. அதை ஆர் ஓட்டுறது?”

“யாரும் இல்லக்கா, அதுவே பறந்துக்கும். கீழ ஆள் இருந்தா விலகிப் போயிடும்.”

“ஆளெண்டு அதுக்குத் தெரியுமோ?”

“நல்லாவே தெரியும்க்கா. அதுக்குத்தானே அவ்வளவு கேமரா.”

ரயில் ஒரு பாலத்தின் கீழே புகுந்து வெளியே வந்தது. மூத்தவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்டைக்கு வந்ததுக்கும் நல்லாத் தெரியும் பிள்ளை,” என்றார். “விலகிப் போகேல்லை.”