சுவிட்சுக்கு வேலை இல்ல

காக்காயேதான் தம்பி, நம்புங்க. முந்தாநாள் மொட்டைமாடியில, வெயிலை அளக்கிற உங்க சென்சார் மேல வந்து உட்கார்ந்துச்சு. பொழுது சாஞ்சிடுச்சுன்னு மெஷின் முடிவு பண்ணிடுச்சு. உச்சி வெயில்ல ஆஸ்பத்திரி பூரா ஜன்னல் திரையெல்லாம் சர்ருனு மேல ஏறிடுச்சு. கண் ஆபரேஷன் பண்ணின பெரியவர் ஒருத்தர், சொர்க்கத்துக்கு வந்துட்டோம்னு நினைச்சு நர்ஸைப் பார்த்துக் கும்பிட்டாராம்.

சிரிங்க, சிரிங்க. டார்ச்சை நான் பிடிக்கிறேன், நீங்க பெட்டியைத் திறங்க.

எனக்கு இங்க என்ன வேலையா? ஒண்ணுமில்ல. பதினேழு நாள் அந்த வாசல் பெஞ்சுல உட்கார்ந்து பழகிட்டேன், இப்ப வீட்டு நாற்காலி குத்துது. நாலாவது மாடி, இடது ஓரத்து ஜன்னல், நம்ம வீட்டம்மா. தொண்டையில குழாய், பேச்சு கிடையாது. காலையில யாரையும் உள்ள விட மாட்டாங்க. அதனால கட்டில் பக்கத்து சுவிட்சை வச்சு ஒரு ஏற்பாடு. திரை இறங்கினா நான் உடனே மேல வரணும். வாட்ச்மேன்கிட்ட கெஞ்சிட்டு ஓடுவேன். போனா ஒண்ணும் இருக்காது. தலையணையைக் காட்டுவா. இல்லாட்டி, கிழவன் ஓடி வர்றானான்னு சும்மா ஒரு சோதனை. நாப்பது வருஷம் என் புளுகைக் கேட்டவ, அவளுக்கும் கொஞ்சம் விளையாட்டு வேணாமா?

போன திங்கக்கிழமை உங்க ஆளுங்க இதை மாட்டினாங்க. வெயில் ஏறினா தானா இறங்கும், மங்கினா தானா ஏறும், இனிமே சுவிட்சுக்கு வேலை இல்லன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போனாரு. வேலை இல்லன்னா, வேலை செய்யாதுன்னு நான் எடுத்துக்கிட்டேன்.

மறுநாள் காலையிலிருந்தே மழை மூட்டம். அத்தனை திரையும் மேல கிடக்கு. பதினொன்னரைக்கு ஒண்ணே ஒண்ணு இறங்குச்சு. ஏறுச்சு. திரும்ப இறங்குச்சு. பெஞ்சுல இருந்தவங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாருங்கய்யா, மெஷினுக்கு என் பெண்டாட்டி மேல கண்ணு, மழையிலயும் அவளுக்கு மட்டும் நிழல் பிடிக்குதுன்னேன். ஒரே சிரிப்பு. வாட்ச்மேனுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. விடுவேனா, அரை மணி நேரம் அதையே நீட்டி முழக்கினேன். மூணாவது தடவை இறங்கின திரை ஏறவே இல்ல.

கட்டில்ல கூப்பிடுற மணி இல்லையான்னு கேக்குறீங்களா? இருந்துச்சு. அதை அடிச்சா நர்ஸுதானே வருவாங்க. அவளுக்கு என்னைத்தான் கூப்பிடத் தெரியும்.

நான் போறதுக்குள்ள முகத்தை மூடிட்டாங்க.

டார்ச்சை இன்னும் கிட்டக் கொண்டு வரவா? இந்தாங்க, பிடிச்சிருக்கேன்.

திரையை மெஷின் இறக்குச்சா, கை இறக்குச்சான்னு இந்தப் பெட்டியில பதிவாகுமாமே. போன செவ்வாய்க்கிழமை, பதினொன்னரை, நாலாவது மாடி இடது ஓரம். கொஞ்சம் பாருங்களேன்.

என்ன தம்பி, பார்த்துட்டுப் பெட்டியை மூடுறீங்க? காக்கா கதையை நான் சொன்னப்ப நீங்க கேட்டுக்கிட்டீங்கல்ல. நீங்களும் ஒண்ணு சொல்லுங்க. மெஷின்தான்னு சொல்லுங்க. நான் நம்பிக்கிறேன்.