பந்தக்கால் குழிக்கு ஒரு நன்றியுரை

மாலைக்குள் முகம் மறைந்து வீற்றிருக்கும் திருவிழாக்குழுத் தலைவர் திரு. தர்மராஜ் அவர்களே! அவரைச் சுற்றிச் சுடர்விடும் செயற்குழுச் செம்மல்களே! வெயிலையும் விசிறியாய் வீசி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் மோட்டார் சைக்கிள் மேலேயே குந்தியிருக்கும் அண்ணன்மார்களே! வணக்கம்.

நன்றியுரைக்குப் புனிதன் என்கிற என்னைக் கூப்பிட்டார்கள். சேட்டைக்காரப் பயல், சிரிக்க வைப்பான் என்று நினைத்தார்கள். சிரிப்போம்! முதல் நன்றி யாருக்கு? இந்தக் கால்பந்துத் திடலின் வலப்பக்கக் கோலுக்கு முன்னே, புல்லுக்குக் கீழே, பலகைக்கு அடியிலே பதுங்கிக் கிடக்கும் குழிக்கு!

என்ன, கைதட்டலைக் காணோம்?

கோயில் திருவிழாவுக்குப் பந்தக்கால் நட்ட குழி அது. பந்தலைப் பிரித்தார்கள். குழியை மூடினார்களா? "மண்டல பூசை முடியட்டும். நாற்பத்தெட்டு நாள் மூடக்கூடாது, சாமி குத்தம்" என்றார் தலைவர். பலகையைப் போட்டார்கள். பலகை மேல் புல்லைப் போட்டார்கள். போன வருடம், மழையில் ஊறிய அந்தப் பலகையை நோக்கித்தான் ஓடி வந்தார் லோகேஸ்வரி அக்கா.

ஓட்டமா அது? காற்றுக்கே மூச்சு வாங்கும் ஓட்டம்! மாநில மகளிர் அணித் தேர்வுக்கு ஐந்தே நாள். பயிற்சி ஆட்டத்தில் நான் எதிரணிக் கோல்கீப்பர். மூன்று தடியன்களைத் தாண்டி வந்தவர், "டேய் புனிதா, கண்ண மூடிக்கடா!" என்று கத்தினார். காலை ஓங்கினார். பலகை முறிந்தது. முழங்கால் திருகியது. பந்து சும்மா உருண்டு வந்து என் கையில் உட்கார்ந்தது.

சிரம்பான் மருத்துவமனையில், வலியில் உதட்டைக் கடித்தபடி அக்கா கேட்டது ஒன்றுதான்: "கோலாடா?"

"கோல்தான்க்கா."

ஆயிரம் பொய் சொன்ன வாய் இது. சிரிக்காமல் சொன்ன ஒரே பொய் அது. அக்கா, மன்னிச்சிருங்க.

இரண்டு அறுவை சிகிச்சை. "நடக்கலாம், இனி ஆட முடியாது" என்றார் மருத்துவர். தற்காப்பு வீரர்களைக் கதறவிட்ட கால், இன்று செனாவாங் தொழிற்சாலையில் நாற்காலிக்குக் கீழே தொங்குகிறது. பார்க்கப் போன தலைவர் சொன்னார்: "அவ நேரம் லா, என்ன செய்ய?"

நேரமா? பலகை போட்டது நேரமா? புல்லைத் தூவியது நேரமா? கண்ணுக்கு மறைத்துவிட்டால் காலுக்கும் மறைந்துவிடுமா?

பூசாரி வீரமுத்து அண்ணனைக் கேட்டேன். "சாமி எப்படா அப்படிச் சொல்லுச்சு? மண்ணு தள்ள ஒருத்தனும் வரல, அதான்" என்றார். அதோ நிற்கிறார். குனியாதீங்கண்ணே!

மைக்கை விடுங்க தலைவரே, நன்றி இன்னும் பாக்கி இருக்கு.

இந்த வருடமும் திருவிழா முடிந்தது. அதே குழி! அதே மாதிரிப் பலகை! புல் மட்டும் புதுசு! இன்னும் அரை மணியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆட்டம். தாய்மார்களே, உங்களில் யார் பெற்ற பிள்ளை முதலில் அந்தப் பக்கம் ஓடும்?

எழுந்துட்டீங்களா? நல்லது.

தலைவருக்குப் பொன்னாடை வாங்கச் சொன்னார்கள். நான் இதை வாங்கி வண்ணத்தாள் சுற்றினேன். பிரிக்கிறேன், பாருங்கள். மம்பட்டி! இதைத் தலைவர் கையில் கொடுத்துச் சிறப்பிக்க லோகேஸ்வரி அக்காவை மேடைக்கு அழைக்கிறேன்.

மெதுவா வாங்கக்கா, அவசரமே இல்ல. அன்றைக்குப் பந்து என் கையில் இருந்தது. இன்றைக்குப் பிள்ளைகள் ஆட வேண்டிய பந்தும் இதோ என் கையில்தான் இருக்கிறது. குழி மூடும்வரை தரமாட்டேன்.

மூடப்போகும் கைகளுக்கு முன்கூட்டியே நன்றி. வணக்கம்!