முதுகுப் படம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். வெள்ளிமலை போகிற பஸ், சாலையில் வெட்டிப் போட்டிருந்த புளியமரத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் இரண்டு கள்ளக்குறிச்சி ஸ்டுடியோக்காரர்கள். மச்சான் முறை. மலையில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகிறார்கள்.

ஒல்லியானவர் சொன்னார்: “தாய்லாந்துல ஒருத்தன் ஆளுங்கள முதுகுப் பக்கமாவே படம் புடிக்கிறானாம் மச்சான். புஸ்தகத்துல போட்டிருக்கான்.”

குண்டானவர் சிரித்தார். “மூஞ்ச புடிக்கத் துப்பில்லாதவன். பொண்ணு வூட்டுக்காரங்ககிட்ட முதுகக் குடுத்துப் பாரு, கேமராவ புடுங்கி அடுப்புல வெச்சிடுவாங்க.”

“அது அவன் ஸ்டைலாம்.”

“இன்னா பெரிய ஸ்டைலு? கும்பல் போய்க்கினு இருந்திருக்கும், இவன் லேட்டா வந்திருப்பான்.”

மறியல் செய்தவர்களில் ஒருவர் கேமராவைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார். “அண்ணே, எங்கள ஒரு படம் எடுங்க, பேப்பருக்கு அனுப்பணும். மூஞ்சி மட்டும் தெரியக் கூடாது. போன வாரம் போட்டோவ வெச்சிக்கினு போலீசு வூடு வூடா வந்து ஆளப் புடிச்சாங்க.”

குண்டானவர் இறங்கினார். எல்லாரும் முதுகைக் காட்டி மரத்தின் மேல் உட்கார்ந்தார்கள். கேமராவில் கண்ணை வைத்தவர் பழக்கதோஷத்தில் கத்தினார்: “எல்லாரும் லேசா சிரிங்க!”

பஸ்ஸிலிருந்து ஒல்லியானவர் சொன்னார்: “அந்தத் தாய்லாந்துக்காரன்கூட முதுக சிரிக்கச் சொன்னதில்ல மச்சான்!”