மருமகள் மண்டைக்குள் புகுந்த தண்ணீர்

அவையை ஆளும் சங்கத் தலைவி அவர்களே! பக்கத்தில் பாங்காய் அமர்ந்திருக்கும் மேற்பார்வையாளர் தம்பி அவர்களே! நீராவியிலே நனைந்து, நெருப்பு இஸ்திரியிலே நின்று, பிறர் நிம்மதியாய்ப் படுத்துறங்க விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்துத் தாய்மார்களே! மூத்தவர்களே! அம்மாவைக் கூட்டிப்போக வந்து பின்வரிசையில் கொட்டாவி விடும் பிள்ளைகளே! எல்லோருக்கும் இந்தக் கிழவியின் களைத்துப்போன வணக்கம்.

நாள் முழுக்க மடிப்பு மேசையில் நின்ற கால்கள் இவை. இங்கேயும் நிற்கச் சொன்னால் கோபித்துக்கொள்கின்றன. என்ன, நாற்காலியா? வேண்டாம்மா, உட்கார்ந்தால் எழ மாட்டேன்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. என் மருமகளின் வேலை. நீங்கள் எல்லோரும் ‘ரேடியோ’ என்று கூப்பிடுவீர்களே, அவளுடைய வேலை. “உடம்பில் தெம்பில்லாதவள், இனி வர வேண்டாம்” என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. தெம்பில்லாதவளா அவள்? ஈர விரிப்பு மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டே இரண்டு பேரோடு சண்டை போடுபவள், தெம்பில்லாதவளா?

அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். இஸ்திரி அறையில் மின்விசிறி நின்றுபோன நாள். வியர்வை வழிந்தது, வழிந்தது, வழிந்துகொண்டே இருந்தது. “தலை சுத்துதுடி” என்றாள். நம் அறையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். யாருக்குத் தலை சுற்றினாலும் சுற்றி நின்று கைதட்டி, ஒரு ஜக்குத் தண்ணீரைக் காலி பண்ண வைப்போம்.

“குடிடி, மூச்சு விடாம குடி!”

“போதும்க்கா, வயிறு கொள்ளல.”

“பேசறதுக்கு மட்டும் கொள்ளுதா? குடி!”

குடித்தாள். மறுபடி தலைவலி என்றாள், மறுபடி ஜக்கு. குமட்டுகிறது என்றாள், அதற்கும் ஜக்கு. பிறகு என் முகத்தைப் பார்த்து, “யாரு நீங்க? ஏன் என் பக்கத்துலேயே நிக்கிறீங்க?” என்றாள். அறையே சிரித்தது. “இத்தன வருஷமா மாமியார்கிட்ட கேக்க நெனச்சத இன்னிக்குக் கேட்டுட்டா பாரு!” என்றீர்கள். எப்போதும் வேடிக்கை பேசுகிறவள்தானே! சிரிப்பு அடங்குவதற்குள் விழுந்தாள். கை கால் இழுத்துக்கொண்டது.

மருத்துவமனை வாசலில் என் பேத்தி நின்றாள். செவிலியர் படிப்பு படிக்கிறாள், என் பேத்தி! தாய் உள்ளே கிடக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு விளக்கினாள்.

“பாட்டி, வெள்ளரிக்காயில உப்புத் தடவுனா என்ன ஆகும்?”

“தண்ணி விடும்.”

“காஞ்ச திராட்சைய வெறும் தண்ணியில போட்டா?”

“பெருத்துடும். இப்ப எதுக்குடி சமையல் கேக்கிற?”

“அம்மாவோட மூளை இப்ப அந்தத் திராட்சை மாதிரி இருக்கு பாட்டி.”

தாய்மார்களே, நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி அறைகளால் ஆனதாம். செல் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய தோல்தான் சுவர். தண்ணீர் அந்தச் சுவரைக் கடந்து போகும், வரும். உப்பு அப்படி நினைத்தபடி கடக்க முடியாது. எந்தப் பக்கம் உப்புத் தூக்கலோ, அந்தப் பக்கம் தண்ணீர் சாயும். வியர்வையோடு உப்பும் போனது. நாம் ஊற்றியதோ வெறும் தண்ணீர், வெறும் தண்ணீர், மேலும் வெறும் தண்ணீர்! இரத்தம் நீர்த்தது. செல்லுக்குள்ளே உப்புத் தூக்கல். உள்ளே பாய்ந்தது தண்ணீர். விரல் வீங்கினால் மோதிரத்தைக் கழற்றலாம். மூளை வீங்கினால் மண்டையோட்டைக் கழற்ற முடியுமா?

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே புரியும்படி சொன்னாளே, அதுவல்லவா படிப்பு! தட்டுங்கள், இதற்குக் கைதட்டலாம்.

மருத்துவர்கள் உப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, நிதானமாக அவளை மீட்டுத் தந்தார்கள். வீட்டுக்கு வந்துவிட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். “நான் தெம்பில்லாதவளா அத்தை?” என்று கேட்கிறாள்.

குற்றம் யாருடையது? ஜக்கை நீட்டிய கைகளுடையதா? அவை அன்புக் கைகள். மேற்பார்வையாளர் தம்பியுடையதா? தன் மேசையில் இருந்த ஜக்கையே தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர் அவர். கெட்ட மனம் ஒருவருக்கும் இல்லை. ஆனால் எல்லோரும் தெரியாமல் செய்ததற்கு ஒருத்தி மட்டும் வேலையை இழப்பதா? இது நியாயமா? இது முறையா?

கத்திக் கேட்க எனக்குக் குரல் இல்லை. களைப்பாக இருக்கிறது, அய்யா. அவள் திரும்பி வர வேண்டும். மின்விசிறி ஓட வேண்டும். நடுநடுவே நிழலில் உட்கார நேரம் வேண்டும். வியர்த்துக் கொட்டும் நாளில், மருத்துவர் சொல்லும் அளவுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் வேண்டும். அவ்வளவுதான்.

என்ன தம்பி, எழுந்துவிட்டீர்கள்? “மேல கேட்டுச் சொல்றேன்” என்கிறார். கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அதைச் சொல்லுங்கள். சத்தமாக, பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம்.

கேட்டீர்களா தாய்மார்களே? “அந்தம்மா தெம்பில்லாம விழல. நானும்தான் தண்ணி கொடுத்தேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன்” என்கிறார்!

வேலை இன்னும் கிடைக்கவில்லை. தெரியும். நாளைக்கும் அலைய வேண்டும், அதுவும் தெரியும். ஆனால் வீட்டில் ஒருத்தி கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் கிடைத்துவிட்டது.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், தாய்மாருக்கும், வாயைத் திறந்து உண்மையைச் சொன்ன தம்பிக்கும் தலை தாழ்ந்த நன்றி. வணக்கம். யாராவது கையைப் பிடியுங்கள். நான் சீக்கிரம் போய் அவளிடம் சொல்ல வேண்டும்.