ஆறு தலை நாகர்

பொன்னுச்சாமி: அம்பது வயசுல சைக்கிளா? ஏட்டி சங்கரேஸ்வரி, நாலு ரத வீதியச் சுத்தி வந்தாலே ஒனக்கு மூச்சு வாங்குமே!

சங்கரேஸ்வரி: ஆபீஸ் டூருல எல்லாரும் ஓட்டுனாக, நானும் ஓட்டுனேன்ப்பா. அந்தத் தீவுல காரே கெடையாது. நாலு நாளும் சைக்கிள்தான்.

பொன்னுச்சாமி: விழுந்தியா?

சங்கரேஸ்வரி: ரெண்டு தரம்... சிரிக்காதீங்க. சரி, மூணு. அப்பா, அங்கன மேட்டுல ஒரு பீரங்கி, கடலப் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கி. அதுக்குள்ள நான் படுத்துக்கிடலாம்.

பொன்னுச்சாமி: ஒன்னைய உள்ள போட்டா அது வெடிக்கவே செய்யாது.

சங்கரேஸ்வரி: கேளுங்க. அதுக்கு அடியில மலையக் குடைஞ்சு அறையா கட்டியிருக்கு. சண்டைக் காலத்துப் பட்டாளத்து வேலை. டார்ச் அடிச்சா... அம்மாடி! எறங்க எறங்கப் படி. நாம பேசினது நமக்கே திரும்பி வருது.

பொன்னுச்சாமி: எந்தத் தீவுட்டி அது?

சங்கரேஸ்வரி: சொன்னா ஏசுவீக.

பொன்னுச்சாமி: வாயத் தொற.

சங்கரேஸ்வரி: ஒங்க அப்பா கொத்து வேலைக்குப் போன தீவுதான்.

பொன்னுச்சாமி: அந்த ஆளு பேச்ச எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்லா? ரெண்டு வயசுப் பிள்ளைய விட்டுட்டுப் போயி, அங்கனயே எவளையோ கட்டிக்கிட்டு...

சங்கரேஸ்வரி: யாரு பாத்தா?

பொன்னுச்சாமி: ஊரே சொல்லிச்சு. எங்கம்மா, 'எங்கயோ இருக்காரு'ன்னு தாலியோடயே செத்தா.

சங்கரேஸ்வரி: நம்ம கெணத்து மேடையில தாத்தா போட்ட நாகருக்கு எத்தன தல?

பொன்னுச்சாமி: ஆறு. ஊருல எல்லாவனும் அஞ்சு போடுவான். அந்தக் கொத்தனாருக்கு எண்ணத் தெரியாது. பள்ளிக்கூடத்துல என்னைய 'ஆறு தல'ன்னுதான் கூப்பிடுவானுக.

சங்கரேஸ்வரி: அந்தப் பீரங்கிக்குக் கீழ, கடைசி அறை வாசநிலைக்கு மேல, சிமெண்டுல விரலால கீறின நாகர் இருக்கு. நான் மூணு தடவ எண்ணினேன்.

பொன்னுச்சாமி: எத்தன தல?

சங்கரேஸ்வரி: ஆறுப்பா. கடைசித் தல எடம் பத்தாம ஓரத்துல ஒடுங்கிக் கெடக்கு, நம்ம கெணத்துல மாதிரியே. போட்டோ பாருங்க.

பொன்னுச்சாமி: கண்ணாடிய எடு... இன்னும் பெருசாக்கு... ஆமா. ஆமாட்டி.

சங்கரேஸ்வரி: அந்த அறையக் கட்டுன ஆளுக ஒருத்தரையும் வெளிய விடலயாம். ரகசியம் போயிரும்னு அங்கனயே கொன்னுட்டாகளாம்... வழி காட்டினவரு சொன்னாரு.

பொன்னுச்சாமி: அப்போ... வேற பொம்பளைன்னு சொன்னது?

சங்கரேஸ்வரி: படியேறவே விடலப்பா, எங்க போயி கட்டிக்கிட?

பொன்னுச்சாமி: ஒங்க ஆபீஸ் ஆளுகளும் இதப் பாத்தாகளா?

சங்கரேஸ்வரி: அப்பா, ஆபீஸ் டூருன்னு சொன்னது பொய்யி, ஆபீஸ்காரக யாரும் வரல. நான் தனியா, தேடித்தான் போனேன். நம்ம ஊரு கோயில் புத்துமண்ணு கொண்டுபோயி அந்தப் படியில வச்சிட்டு வந்தேன். வர்ற ஆடி அமாவாசைக்காவது அவருக்கு எள்ளுந்தண்ணியும் விடுங்க.

பொன்னுச்சாமி: வருசா வருசம் ஆடி அமாவாசைக்குக் குத்தாலம் போறேனே, குளிக்கவா போறேன்னு நெனச்ச? அம்மா கழுத்துல தாலி கெடக்கையில அத வெளிய சொல்ல முடியுமாட்டி... உசுரோட இருந்தா, என்னையப் பாக்க வராம இருப்பாரா மக்கா?